மேற்கு என்றால் மேடு

சிவகாசி கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று செல்போனைக் கேட்டால் 101 என்கிறது. விருதுநகரைக் கேட்டால் 102. ரயிலில் திருத்தங்கல் தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. கண்ணுக்கு எட்டியவரை ஒரே மட்டம், வேலிக்காத்தான் புதர், நடுநடுவே பட்டாசு ஆபீஸ்களின் வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். மேடு பள்ளம் பற்றி எழுத இங்கே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள்.

அம்மாவைப் பெற்ற தாத்தா கேட்டிருக்க மாட்டார். அவருக்கு மீட்டர் தெரியாது. அவர் ஊர் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே கரிசல்காட்டுக்குள் இருக்கிறது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மேற்கே மலை கறுத்து மின்னினால், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வத்ராப் பக்கம் ஊத்துது. விடியக்குள்ள ஆத்துல தண்ணி வந்துரும்" என்பார். வந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழுந்திருக்காது.

மேற்கு என்ற சொல்லுக்குள் 'மேல்' இருக்கிறது, கிழக்குக்குள் 'கீழ்' இருக்கிறது. இடையன்குடியில் வாழ்ந்து 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் உள்ள சீமையில்தான் இப்படித் திசைக்குப் பெயர் வைக்கத் தோன்றும். மலையாளிக்கு மலை கிழக்கே நிற்கிறது. ஆனாலும் அவரும் கிழக்கு என்றேதான் சொல்கிறார். அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனதற்கு அதையே சாட்சியாக்கினார் கால்டுவெல். எங்கள் பக்கம் திசை என்பது வெயில் வருகிற போகிற வழி மட்டுமில்லை, தண்ணீர் வருகிற போகிற வழியும்கூட. மேலத்தெரு, கீழத்தெரு, ராஜபாளையம் பக்கத்துக் கீழராஜகுலராமன் எல்லாம் அந்தக் கணக்கில் வந்த பெயர்கள்தான்.

அந்தச் சரிவு எவ்வளவு என்று பின்னால் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 140 மீட்டர். இருபது கிலோமீட்டர் கிழக்கே வந்தால் சிவகாசி, 100. இன்னும் இருபது கிலோமீட்டர் போனால் சாத்தூர், 60-ஐ ஒட்டி. கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் இறக்கம். நூறு மீட்டர் நடந்தால் ஒரு சாண். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் 192 அடி. சிவகாசியிலிருந்து அந்தக் கோபுர வாசலுக்குப் போய்ச் சேரும்போது நாம் ஏறியிருக்கும் உயரம், அதே கோபுரத்தின் முக்கால் பங்குகூட இல்லை. அதை இருபது கிலோமீட்டருக்கு விரித்துப் போட்டால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? கோபுரத்துக்குப் பின்னால் மட்டும் நிலம் திடீரென்று எழுந்து நின்றுகொள்கிறது, ஆயிரம் மீட்டருக்கும் மேலே.

சின்ன வயதில் தாத்தாவிடமே கேட்டிருக்கிறேன், "எல்லாம் மட்டமாத்தான தாத்தா இருக்கு?" என்று. "பருத்திப் பொதி ஏத்திக்கிட்டு மேற்க வண்டி போறப்ப கூட வா. மாடு எங்கெங்க மூச்சு வாங்குதுன்னு பாரு" என்றார்.

நூறு மீட்டருக்கு ஒரு சாண் என்ற அந்தச் சரிவை நம்பித்தான் கண்மாய்களை வெட்டினார்கள். மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும். கிழக்கே பிறை மாதிரி வளைந்து கரை. மேலே உள்ள கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. தண்ணீர் வழிகிற இடத்தில் கலுங்கு. கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். மழை குறைந்த வருஷம் அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கொஞ்சம் என்றாலும், சரிவு இவ்வளவு குறைவான இடத்தில் ஓர் அடி உயர்த்தினால் நூற்றைம்பது மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் பின்னால் ஏறும். மேலூர்க்காரர் புஞ்சை முங்கும். கீழூருக்கோ தண்ணீர் வராது. இந்த ஓர் அடிக்காக வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. எந்தக் கல்லில் எது வரை அடைக்கலாம் என்பது தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், பக்கத்து ஊருக்கும் தெரியும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கண்மாயிலிருந்து எவ்வளவு என்பதே பேச்சு.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்ள வெம்பக்கோட்டை பக்கம் போக வேண்டும். விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. நுண்கற்கருவி, கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை என்று ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. என்னை நிறுத்தியது சங்கு வளையல்தான். கடற்கரை இங்கிருந்து கூப்பிடு தூரமில்லை. சங்கு மன்னார் வளைகுடாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வைப்பாறு போய்ச் சேர்வதும் அதே வளைகுடாவில். தண்ணீர் இறங்கிய வழியாகவே சங்கு ஏறி வந்திருக்கும் என்று நினைக்கப் பிடித்திருக்கிறது. வெள்ளம் எட்டாத மேடாகப் பார்த்து, ஆற்றை விட்டு விலகாமல் குடியிருந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்றால் பெரிய மேடாகவும் தெரியாது. காலடியில் லேசாக ஏறுவது மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மேற்கே நிற்கும் அந்த மலைதான் பட்டாசையும் கொண்டுவந்தது. ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மலை தாண்டி இறங்கும்போது காற்றில் ஈரம் இருப்பதில்லை. வெறும் மேகாற்றாக வீசுகிறது. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் கம்பும் பொய்த்த வருஷங்களில் கை சும்மா இருந்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923-இல். 1940-ஐ ஒட்டிப் பட்டாசும் சேர்ந்துகொண்டது. குச்சி காய வேண்டும், ஒட்டிய தாள் காய வேண்டும், மருந்து காய வேண்டும். மழை வராத ஆறேழு மாதம் விவசாயிக்குச் சாபம், காயப்போடுகிறவருக்கு வரம். வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரத்தில் தீபாவளி வந்துவிடும். சரக்கெல்லாம் அதற்குள் லாரி ஏறியிருக்கும். வானமும் பஞ்சாங்கமும் கூட்டுச் சேர்ந்து வகுத்த உற்பத்தி அட்டவணை என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் யாரும் ஃபாக்டரி என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். காலையில் ஆபீஸ் வண்டி வந்து ஊர் ஊராக ஆள் ஏற்றிப் போகும். பட்டாசு ஆபீஸுக்குப் பரந்த இடம் வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது. எதற்கு அந்த இடைவெளி என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆபீஸில் நடந்த வெடிவிபத்து காட்டியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஆக, ஆளும் வீடும் இல்லாத கரிசல்காடு ஏக்கர் ஏக்கராகக் கைமாறியது. அதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. மழை ஏமாற்றிய நிலத்துக்கு அதுவரை கிடைக்காத விலை கிடைத்தது.

கைமாறிய காட்டைச் சுற்றி முதலில் காம்பவுண்டுச் சுவர் எழும்பும். அங்கேதான் அந்த ஒரு சாண் சரிவு அடிபடுகிறது. கரிசலில் ஓடை என்பது பெரும்பாலும் பள்ளமாகத் தெரியாது. பத்து மாதம் வெறும் காடு. நல்ல மழைக்கு மட்டும் தண்ணீர் முழங்கால் அளவுக்குப் பரந்து போகும். சர்வே படத்தில் கோடு இருந்தாலும் தரையில் இருக்காது. குறுக்கே சுவர் வந்தால் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குத் திரும்பும், அங்கேயும் சுவர் என்றால் ரோட்டுக்கு ஏறும். கீழே உள்ள கண்மாய் காய்ந்து கிடக்கும்போது மேலே உள்ள தெருவில் தண்ணீர் நிற்பதன் காரணம் இதுதான்.

மண்ணும் இடம் மாறுகிறது. முன்பு கோடையில் கண்மாய்க்குள் வண்டி இறங்கும். கரம்பை அள்ளிக் காட்டில் அடிப்பார்கள். கண்மாய் ஆழமாகும், காடு உரமேறும். இன்றைக்குக் கரிசலில் எதைக் கட்டினாலும் கிராவல் அடித்து உயர்த்தியாக வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பிக்கொள்ளும் மண் இது. கிராவல் சின்னச் சின்னச் செவல் மேடுகளிலிருந்து வருகிறது. மேடு லாரி ஏறிப் போய்விடும், அது இருந்த இடத்தில் குழி இருக்கும். பந்தல்குடியிலோ சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டியது பள்ளத்தாக்கு மாதிரி கிடக்கிறது, அந்தக் கல் போய்ச் சேரும் ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலை அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. இயற்கை கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று சிக்கனமாகச் செய்துவைத்த நிலத்தில், நாம் ஒரே இடத்தில் பல மாடி ஆழம் இறங்கியிருக்கிறோம்.

ஆறுகளை மறித்துப் பின்னால் வந்த பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை, இருக்கன்குடி அணைகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு வருகிற கூட்டம் கூடாரம் அடித்துப் பொங்கல் வைப்பது ஆற்றுக்குள்ளேதான்.

ஊருக்குள் வருவோம். சிவகாசியில் என் சித்தி வீட்டுக்கு நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது மூன்று படி ஏற வேண்டும். திண்ணையில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, ஆட்டிக்கொண்டே இருப்போம். போன கார்த்திகையில் போனேன். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வாசலுக்குப் போனேன். திண்ணையும் தார் ரோடும் கிட்டத்தட்ட ஒரே உயரம். வாசல்படிக்குக் குறுக்கே ஓர் அடிக்குச் செங்கல் வைத்துப் பூசியிருந்தது, மழைத்தண்ணீரை மறிக்க. "வீடு ஒண்ணும் எறங்கலடா, ரோடுதான் வருசா வருசம் ஏறுது" என்றாள் சித்தி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு; ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு அங்குலம். கீழத்தெருவில் அவள் வீடு எப்போதுமே பள்ளம்தான். ஆனால் அந்தப் பள்ளத்துக்குத் தக்கபடி கட்டிய மூன்று படி அது.

அதே தெருவில் இன்னொன்றையும் பார்த்தேன். வீடுகளுக்கு முன்னால் மூன்றடிக் குழி வெட்டி, உள்ளே குழாயை இறக்கி வைத்திருக்கிறார்கள். பெண்கள் குழிக்குள் இறங்கித்தான் குடத்தை நிரப்புகிறார்கள். தாமிரபரணித் தண்ணீர் இந்த மாவட்டத்துக்குக் குழாயில் வருகிறது. திருநெல்வேலி 50 மீட்டர்கூட இல்லை, விருதுநகர் 102. மேற்கிலிருந்து தானாக இறங்கி வந்த தண்ணீர் போய், தெற்கேயிருந்து மோட்டார் தள்ளத் தள்ள ஏறி வருகிறது. தெருக்குழாய்க்கு வரும்போது அதற்கு மூச்சு நின்றுவிடும். மூன்றடி பள்ளத்தில் குழாய் இருந்தால் சொட்டும், தரைமட்டத்தில் இருந்தால் காற்றுதான் வரும். மேட்டுத்தெருக்காரர்களுக்குக் குழி இன்னும் ஆழம். எந்த வீட்டுக் குழி எத்தனை அடி என்று அந்தத் தெருப் பெண்களுக்கு மனப்பாடம்.

சித்தி வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுவது என்று முடிவாகி, தை மாதம் வானம் தோண்டினார்கள். அஸ்திவாரக் குழிக்கு எங்கள் பக்கம் வானம் என்றுதான் பெயர். பேஸ்மட்டம் எங்கே வர வேண்டும் என்று பேச்சு வந்தது. தம்பி போனை நீட்டி, இந்த இடம் 104 மீட்டர் என்றான். பத்து நிமிஷம் கழித்து அதே இடத்தில் நின்று பார்த்தான், 97. கொத்தனார் சிரிக்கவில்லை. ரோட்டின் நடுவில் ஒரு செங்கல்லை வைத்தார். கண்ணாடி மாதிரியான டியூபில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லையே என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்துச் செங்கல்லுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு வீட்டுச் சுவருக்குப் போனார். இரண்டு பக்கமும் தண்ணீர் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி ஆடியது.

"அசையாமப் பிடிங்க அண்ணாச்சி" என்றார்.

தண்ணீர் நின்றதும் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதிலிருந்து மூன்றடி மேலே அளந்து இன்னொரு கோடு.

"மூணு எதுக்கு? ரெண்டு போதாதா?" என்றாள் சித்தி.

"ரோடு ஏறும்ல" என்றார்.