பீலித் தண்ணீருக்குச் சாட்சி சொல்லும் பூச்சிகள்

பூனாகலை போன்ற மலைத் தோட்டங்களில் பல லயன்களுக்கு ஓடையிலிருந்து வரும் பீலித் தண்ணீரே குடிநீர். மேலே தேயிலைக்கு மருந்தடித்த பின் மழை பெய்தால், அது ஓடையில் கலக்கலாம். சில நாள் கழித்து எடுக்கும் நீர் மாதிரியில் தடயமே இருக்காமல் போகலாம். ஆனால் ஓடைக் கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில் வாழும் சிறு பூச்சிகள் அந்தப் பாதிப்பைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கல்லைப் புரட்டுங்கள். வாலில் இரண்டு மூன்று இழைகள் கொண்டது மேஃபிளையின் இளம்பூச்சி. மணலால் கூடு கட்டியிருப்பது கேடிஸ் புழு. இவற்றில் பெரும்பாலானவை ஒட்சிசன் நிறைந்த சுத்தமான நீரை நாடுபவை. இவை மறைந்து, சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் மலிந்திருந்தால் கழிவு கலந்திருக்கலாம். ஒட்சிசன் குறைந்த நீரிலும் அவற்றைத் தாக்குப்பிடிக்க வைப்பது, அவற்றுக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின். பிரித்தானியாவில் 1976இல் அமைக்கப்பட்ட குழுவொன்று, இத்தகைய உயிரினக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை புள்ளியிடும் முறையை உருவாக்கியது.

பூச்சிகள் இருப்பதால் மட்டும் நீர் குடிக்க உகந்ததாகிவிடாது. நோய்க்கிருமிகளை அவை காட்டா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. எனவே தேயிலை மலைக்கு மேலேயும் கீழேயும் கற்களைப் புரட்டி, கண்டதைத் திகதியிட்டு எழுதிவையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீர்ப் பரிசோதனை கேட்கும்போது, அந்தக் குறிப்பு உங்கள் முறைப்பாட்டுக்கு வலுச் சேர்க்கும்.