காப்பி அரவை மிஷின்: வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?

போடி மளிகை வணிகர்களாகிய நமக்குக் காப்பி புதிய சரக்கல்ல. ஒரு காலத்தில் மலையில் விளைந்த கொட்டை காப்பி வாரியத்தின் தொகுப்புக்கே போக வேண்டியிருந்தது. 1992-ல் தொடங்கிய தளர்வு 1996-ல் முழுமையடைந்த பிறகு, தோட்டக்காரரிடமே நேரில் கொள்முதல் செய்ய வழி பிறந்தது. வறுத்து, அரைத்து, சிக்கரி கலந்து கொடுப்பதில் நமக்குக் கை தேர்ந்த பழக்கம் உண்டு. ஆனால், அந்தப் பழக்கமே சில நேரம் நம்மை ஏமாற்றி விடுகிறது.

சென்ற ஆண்டு, வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பிய தம்பி ஒருவர் எஸ்பிரசோ மிஷின் வாங்கி வந்தார். நம்மிடம் தூள் வாங்கிப் போட்டுப் பார்த்தார். காப்பி பத்தே விநாடியில் தண்ணீராக ஓடிவிட்டது. "மிஷினில்தான் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, கோளாறு நம் தூளில் இருந்தது. அவர் அதன்பின் நம் கடைப் பக்கம் வரவில்லை.

காரணம் எளியது. நமது பில்டரில் டிகாக்ஷன் தானாக, மெல்லச் சொட்டுகிறது. எஸ்பிரசோவிலோ, காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீர் தூளுக்குள் பாய்கிறது. 18 கிராம் தூளிலிருந்து சுமார் 36 கிராம் காப்பி 25 முதல் 30 விநாடிக்குள் இறங்குவது பொதுவான கணக்கு. தூள் பருமனாக இருந்தால் ஓடிவிடும். அளவுக்கு மீறி நைசாக இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

நாமே எஸ்பிரசோ பதத்தில் அரைத்துக் கொடுத்தால் ஆகாதா? ஒருநாள் ஆகும். மறுவாரம் கொட்டை மாறும், வறுவல் மாறும். அரவையையும் இம்மி இம்மியாக மாற்ற வேண்டும். தவிர, நைசான தூளின் மணம் சீக்கிரம் பறந்துவிடும். எனவே அவருக்குத் தேவை வீட்டிலேயே ஒரு அரவை மிஷின்.

எதை வாங்கச் சொல்வது?

பிளேடு சுழலும் மிஷினும் மிக்ஸியும் வேண்டாம். அவை கொட்டையை வெட்டுமே தவிர ஒரே அளவில் அரைக்காது. ஏலக்காயை 7 மி.மீ., 8 மி.மீ. என்று சல்லடையில் பிரித்து விலை வைக்கும் ஊருக்கு அளவு ஒன்றாக இருப்பதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. இரண்டு அரவைத் தகடுகளுக்கு இடையே, அல்லது கூம்பு வடிவ அரவைக்குள் கொட்டை நசுங்கும் வகையே சரி. அரவையை மிக நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா, உள்ளே பழைய தூள் அதிகம் தங்காதா, உதிரித் தகடு கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் குறைவென்றால் நல்ல கைச்சுற்று அரவையே போதும். கை சற்று வலிக்கும், அவ்வளவுதான்.

மிஷினோடு வந்த கிண்ணம் அடியில் ஒற்றைத் துளை கொண்ட இரட்டை அடுக்கு வகையா என்றும் கேளுங்கள். அதற்கு ஓரளவு நைசான கடைத் தூளே சமாளித்துவிடும். வீண் செலவு செய்ய வைத்தால் பழி நமக்கே.

நமக்கு என்ன லாபம்?

தூள் வியாபாரம் ஒன்று குறையலாம். ஆனால் கொட்டை வியாபாரம் நிற்கும். வறுத்த தேதி எழுதிய சிறு பொட்டலங்களாகச் சிக்கரி கலக்காத கொட்டையைக் கொடுங்கள். வறுத்த அன்றே வேண்டாம், ஏறக்குறைய ஒரு வாரம் ஆறட்டும். பிளாண்டேஷன், பீபெரி, செர்ரி என்று சரக்கின் பெயரையும் எழுதுங்கள்.

பில்டர் வாடிக்கையாளருக்கும் அதே நாணயம் தேவை. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. கலப்பின் அளவைப் பொட்டலத்தில் குறிப்பிடுவதும் சட்டம். ஏலக்காயும் மிளகும் அரைத்த மிஷினில் காப்பியைப் போடாதீர்கள். மணம் தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பெரிய கம்பெனிகளின் பாக்கெட்டோடு விலையில் நாம் போட்டியிட முடியாது. மலையடியில் இருக்கும் நமக்குப் புதுச் சரக்கும், நேரான பேச்சுமே மூலதனம். இந்த முறை அந்தத் தம்பி வந்தால், மிஷினைக் குறை சொல்லாமல் முதலில் தூளைப் பார்ப்போம்.