ஊசிமுனையும் 43ஆவது பிறந்தநாளும்

பாரிஸில் லாச்சப்பலின் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள சேன் லூயி மருத்துவமனையில், 1820களில் ஜூல் கிளோக்கே என்ற அறுவை மருத்துவர் நரம்புவலிக்கும் மூட்டுவலிக்கும் மெல்லிய எஃகு ஊசிகளை உடலில் செருகிச் சிகிச்சை அளித்தார் என்பதும், அவருக்கு முன்பே 1810இல் லூயி பெர்லியோஸ் என்ற கிராமப்புற மருத்துவர் (இசையமைப்பாளர் எக்தோர் பெர்லியோசின் தந்தை) அதைச் செய்துபார்த்து 1816இல் எழுதியும் வைத்தார் என்பதும், அக்குபங்சர் ஐரோப்பாவுக்கு அண்மையில் வந்த ஒன்று என்று எண்ணுவோருக்கு வியப்பளிக்கும். சீன நூல்கள் கூறும் நாடிப்பாதைகளை இவர்கள் பொருட்படுத்தாமல் வலித்த இடத்திலேயே ஊசியைச் செருகினார்கள். சில ஆண்டுகளில் அந்த மோகமும் தணிந்துவிட்டது. சீனாவில் தூதரகப் பணியாற்றித் திரும்பிய ஜோர்ஜ் சூலியே த மொரான், 1929 முதல் எழுதிய கட்டுரைகளாலும் பின்னர் வெளியிட்ட பெருநூலாலும் புள்ளிகளையும் பாதைகளையும் பெயரோடு அறிமுகப்படுத்திய பிறகே இன்று வழங்கும் வடிவில் அக்குபங்சர் பிரான்சில் வேரூன்றியது.

வேரூன்றிய இடம் மருத்துவரின் அறை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி ஊசி குத்துவது மருத்துவச் செயல். பதிவுபெற்ற மருத்துவரும், தத்தம் துறையின் எல்லைக்குள் மகப்பேற்றுத் தாதியும் பல் மருத்துவரும் உரிய பயிற்சியோடு அதைச் செய்யலாம், மற்றவர் செய்தால் அது உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றமாகும். கொழும்பு தெற்கு மருத்துவமனையில் மருத்துவர் அன்ரன் ஜயசூரிய நடத்திய பயிற்சிக்கூடம் உலகின் பல பாகங்களிலிருந்தும் மாணவரை ஈர்த்த காலத்தை அறிந்த இலங்கையருக்கும், ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொட்டுச் சிகிச்சை அளிக்கும் அக்கு ஹீலர்களைத் தெருவுக்குத் தெரு காணும் தமிழகத்தாருக்கும் இந்தக் கட்டுப்பாடு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் விடயத்தில் இதனால் ஒரு நன்மை உண்டு: ஊசி போடுபவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் வாசிக்கத் தெரிந்தவராக இருப்பார்.

அந்த அறிக்கையிலிருந்துதான் எதுவும் தொடங்க வேண்டும். பாதுகாப்பு முறை எதுவுமின்றி ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையையே மருத்துவம் மகப்பேறின்மை என்கிறது. பெண்ணுக்கு 35 வயது கடந்துவிட்டால் ஆறு மாதத்திலேயே பரிசோதனைக்குச் செல்லும்படி கூறப்படுகிறது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவரை இது தொடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணித்தது. காரணம் பெண்ணிடம் இருப்பதைப் போலவே ஆணிடமும் இருக்கிறது, பாதியளவு தம்பதியரில் ஆணின் பங்கும் உண்டு. ஆயினும் நம் குடும்பங்களில் முதலில் ஊசிக்கும் கசாயத்துக்கும் விரதத்துக்கும் அனுப்பப்படுபவள் மனைவிதான், ஒரு நாளில் முடிந்துவிடக்கூடிய விந்துப் பரிசோதனையோ மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது.

பாரிஸ் வாழ் தமிழ் ஆண்கள் பலர் உணவகச் சமையலறைகளில் அடுப்பருகே நின்று வேலை செய்பவர்கள் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. விதைப்பைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே அவற்றின் வெப்பம் உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்; வேலையிடத்தில் நெடுநேரம் வெப்பத்துக்கு ஆளாகும் ஆண்களின் மனைவியர் கருத்தரிக்க அதிக காலம் எடுப்பதை 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். எனவே வேலை நிலையை மாற்றினாலும் புகையை விட்டாலும் அதன் பலன் அடுத்த பரிசோதனையில் உடனே தெரிந்துவிடாது.

காரணத்தைப் பொறுத்துச் சிகிச்சை மாறுகிறது. கருமுட்டை ஒழுங்காக வெளிவராதவருக்கு அதைத் தூண்டும் மாத்திரையும், விந்தணு சற்றே குறைந்தவருக்கு அதைக் கழுவித் திரட்டிக் கருப்பைக்குள் செலுத்தும் கருவூட்டலும் போதுமாக இருக்கலாம். சோதனைக்குழாய் முறை என்று வழங்குவது இவற்றுக்கு அடுத்த படி: சினைப்பைகளைத் தூண்டும் இயக்குநீர் ஊசியைப் பத்துப் பன்னிரண்டு நாள் நாள்தோறும் போட்டு, முட்டைப்பைகள் வளர்வதை ஸ்கேனில் பார்த்து, முதிர்ச்சியைத் தூண்டும் கடைசி ஊசி போட்ட ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைகளை உறிஞ்சி எடுத்து, ஆய்வுகூடத்தில் விந்தணுவோடு சேர்த்து, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உருவான கருவைக் கருப்பைக்குள் வைத்து, இரண்டு வாரம் கழித்து இரத்தத்தில் விடை தேடுகிறார்கள். இம்முறையில் 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுனும், அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி என்ற மருத்துவரின் முயற்சியால் துர்க்கா என்ற குழந்தையும் பிறந்தனர். முகர்ஜியை அவருடைய அரசே நம்ப மறுத்துப் பணியிடம் மாற்றி அலைக்கழித்து, 1981இல் அவர் தற்கொலை செய்துகொள்ளும் நிலைக்குத் தள்ளியது இந்திய அறிவியல் வரலாற்றின் வெட்கம். பிரான்சின் முதல் குழந்தை அமான்டின் 1982 பெப்ரவரியில், ரெனே ஃபிரிட்மனும் ஜாக் தெஸ்தாரும் பணியாற்றிய, பாரிஸின் தெற்கே கிளமாரில் உள்ள அன்துவான் பெக்லேர் மருத்துவமனையில் பிறந்தது. இன்று அதே சிகிச்சை லாச்சப்பலை அடுத்துள்ள 18ஆம் வட்டாரத்தின் பிஷா மருத்துவமனையிலும், தமிழ்க் குடும்பங்கள் பரவி வாழும் புறநகரில் பொண்டியின் ஜோன் வெர்தியே மருத்துவமனையிலும் கிடைக்கிறது.

சென்னையில் இதே சிகிச்சைக்காக நகையையும் நிலத்தையும் விற்றவர்களை அறிந்த வாசகர், பிரெஞ்சு அரசு இதற்குச் செலவிடும் விதத்தை நம்பத் தயங்கக்கூடும். முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொண்டால், ஆறு கருவூட்டல்களுக்கும் நான்கு சோதனைக்குழாய் முயற்சிகளுக்கும் நோய்க்காப்புறுதி 100 விழுக்காடு ஈடுசெய்கிறது. முட்டை எடுத்தும் கரு வைக்கப்படாமற்போன முயற்சி அந்த நான்கில் சேராது, ஒரு குழந்தை பிறந்துவிட்டால் அடுத்த குழந்தைக்குக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். 2021 ஆகஸ்டில் பிரகடனமான உயிரறச் சட்டம் தனித்து வாழும் பெண்களுக்கும் பெண் இணையருக்கும் கூட இதைத் திறந்துவிட்டது. இத்தனை தாராளத்துக்கும் ஒரே ஒரு கறாரான எல்லை உண்டு, அது பெண்ணின் 43ஆவது பிறந்தநாள். முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வயதோடு குறைவதை எந்த இயக்குநீராலும் மீட்க முடியாததால் வைக்கப்பட்ட எல்லை இது. இதைக் கொடுமை என்பதைவிடக் காலக்கெடு என்று கொள்வதே சரி. அக்குபங்சரைப் பற்றிய கேள்வியையும் இந்தக் காலக்கெடுவை வைத்தே கேட்க வேண்டும்: ஊசி பயன் தருமா என்பதோடு, ஊசிக்காகக் கழியும் மாதங்களை யார் திருப்பித் தருவார்கள் என்பதும் சேர்ந்ததே அந்தக் கேள்வி.

ஊசி உதவும் என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் கேட்பதற்கு நியாயமானதுதான். கணுக்காலின் உட்புறத்தில் நான்கு விரற்கிடை மேலே உள்ள புள்ளி போன்ற இடங்களைத் தூண்டினால் கருப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடும் என்றும், மூளையில் சுரக்கும் எண்டோர்ஃபின் வழியாக மாதச்சுழற்சியை ஆளும் இயக்குநீர்கள் சீராகும் என்றும் சுவீடனில் 1990களில் நடந்த சிறு ஆய்வுகள் கருத வைத்தன. 2002இல் ஜெர்மனியில் பவுலுஸ் குழுவினர் 160 பெண்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் கரு வைப்பதற்கு முன்னும் பின்னும் 25 நிமிடம் ஊசி வைத்தபோது, அவர்களில் 42.5 விழுக்காட்டினர் கருத்தரித்தனர். மறு பாதியில் 26.3 விழுக்காட்டினரே கருத்தரித்தனர். இந்த எண் உலகெங்கும் பரவியது. 2008இல் ஏழு ஆய்வுகளையும் 1,366 பெண்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த பிரித்தானிய மருத்துவ இதழின் கட்டுரையும் ஊசிக்குச் சாதகமாகவே பேசியது.

பவுலுஸ் ஆய்வில் மறு பாதியினர் ஊசியே இல்லாமல் சும்மா படுத்திருந்தவர்கள் என்பதில்தான் சிக்கல். யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, கவனிப்பின் பலனையும் ஊசியின் பலனையும் பிரித்தறிய வழியில்லை. இதற்காகவே 1998இல் ஜெர்மானிய மருத்துவர் ஸ்ட்ரைட்பெர்கர் ஒரு போலி ஊசியை அறிமுகப்படுத்தினார்: முனை மழுங்கிய அது தோலைத் துளைக்காமல், கூத்து மேடைக் கத்தி பிடிக்குள் வழுக்கிப் போவதுபோலத் தன் பிடிக்குள்ளேயே சென்றுவிடும், குத்தப்பட்டவர் உண்மை ஊசி என்றே நினைப்பார். ஹொங்கொங்கில் 370 பெண்களிடம் இதை வைத்துப் பார்த்து 2009இல் வெளியான முடிவு ஆர்வலரைத் திகைக்க வைத்தது. உண்மை ஊசி பெற்றவரில் 43.8 விழுக்காட்டினரும் போலி ஊசி பெற்றவரில் 55.1 விழுக்காட்டினரும் கருத்தரித்திருந்தனர். போலி ஊசியும் தோலைத் தொடுவதால் அதற்கும் ஒரு பலன் இருக்கலாம் என்று அக்குபங்சர் தரப்பினர் வாதிட்டனர்; அந்த வாதத்தை ஏற்றால் புள்ளி, ஆழம், பாதை என்ற கோட்பாடு முழுவதையும் கைவிட வேண்டிவரும் என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 நிலையங்களில் 848 பெண்களை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், உயிருடன் குழந்தை பெற்றவர் உண்மை ஊசியில் 18.3 விழுக்காடு, போலியில் 17.8 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலுக்கு உட்பட்டது.

தமிழ்ப் பெண்களுக்கு நெருக்கமான ஆய்வு இவற்றைவிடச் சீனாவில் நடந்ததுதான். சினைப்பைகளில் சிறு முட்டைப்பைகள் முதிராமல் தேங்கி, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும் பிசிஓஎஸ் என்ற நிலை தெற்காசியப் பெண்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காத தன்மையும் அவர்களிடம் குறைந்த எடையிலேயே தலைகாட்டுகிறது. இந்நிலையுள்ள 1,000 பெண்களை நான்காகப் பிரித்து, வாரம் இருமுறை ஊசியையும் முட்டையைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரையையும், அவற்றின் போலிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரையோடு உண்மை ஊசி பெற்றவரில் 29.4, மாத்திரையோடு போலி ஊசி பெற்றவரில் 28.0, உண்மை ஊசி மட்டும் பெற்றவரில் 13.9, இரண்டும் போலியாகப் பெற்றவரில் 16.8 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். விலை மலிந்த பழைய மாத்திரை ஒன்று வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்க, ஊசி எதையும் கூட்டவில்லை. அக்குபங்சரின் தாயகத்திலேயே, அதன் தேர்ந்த கைகளாலேயே நடந்த சோதனை என்பதால், செய்தவருக்குத் திறமையில்லை என்ற வழக்கமான சமாதானத்துக்கும் இடமில்லை.

இதனால் ஊசிக்கு ஒரு பயனும் இல்லை என்றாகிவிடாது. முட்டை எடுக்கும்போது மயக்க மருந்தோடு மின்தூண்டல் அக்குபங்சரும் சேர்ந்தால் வலி குறைவதற்குச் சான்று உண்டு. இரண்டு வாரக் காத்திருப்பின் பதற்றத்தில் அரைமணி நேரம் ஒருவர் அமைதியாகக் கவனித்துக்கொள்வதும் சிறிய உதவியல்ல. மருத்துவச் சிகிச்சையோடு கூட, பதிவுபெற்ற மருத்துவரிடம், தூய ஊசியால் செய்துகொள்பவருக்கு அதனால் பெருந்தீங்கு வருவதுமில்லை. ஊசியோடு சேர்த்துத் தரப்படும் உட்பொருள் தெரியாத மூலிகைப் பொட்டலங்களும், இயக்குநீர் மருந்தை நிறுத்திவிட்டு வரும்படி கூறும் அறிவுரையுமே தீங்கு. 39 வயதில் ஒரு பெண் இப்படி இழக்கும் ஓராண்டு 29 வயதில் இழக்கும் ஓராண்டுக்குச் சமமானதல்ல.

அந்த ஓராண்டைத் தம் விருப்பின்றியே இழப்பவர்களும் லாச்சப்பலைச் சுற்றி இருக்கிறார்கள். வதிவிட உரிமை இல்லாதவருக்குப் பிரெஞ்சு அரசு வழங்கும் மருத்துவ உதவி, கர்ப்பம் தரித்த பெண்ணைப் பிரசவம்வரை இலவசமாகப் பார்க்கும். ஆனால் கருத்தரிக்க வைக்கும் சிகிச்சைக்கே உரிய பரிசோதனையும் மருந்தும் அந்த உதவியில் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன. ஒரு முயற்சிக்கு 3,000 முதல் 4,000 யூரோ கையிலிருந்து கொடுக்க முடியாதவர் வதிவிட அனுமதிக்காகக் காத்திருக்கிறார், அது கிடைக்கும் நாளில் முழு ஈட்டுக்கான கதவும் திறக்கிறது, மனைவி அப்போது 43ஐத் தாண்டியிருக்கவில்லை என்றால்.