விமானப் பழம்பொருள்களின் பூர்வோத்தரம்

பாட்டனார் காலத்துப் பெட்டிகளில் ஆகாயத் தபாலில் வந்த கடித உறையோ, விமானக் கம்பெனியின் சாமான் சீட்டோ, விமானத்தின் அருகே நின்று பிடித்த புகைப்படமோ அகப்படுவதுண்டு. அவற்றின் அருமை அறியாது குப்பையில் எறிவார் ஒரு சாரார். வியாபாரி கட்டிய கதையை நம்பிப் பணத்தை இறைப்பார் மற்றொரு சாரார். இருவருக்கும் நாம் சொல்லுவது ஒன்றே: கதையை நம்பற்க, பொருளின்மேல் பொறித்த எழுத்தைப் படிக்க.

முதலில் கம்பெனியின் பெயரைக் காண்க. 1932-ல் டாடா தொடங்கிய விமானத் தபால் சேவை, 1938-ல் 'டாடா ஏர்லைன்ஸ்' ஆயிற்று. 1946 ஜூலையில் 'ஏர் இந்தியா' ஆயிற்று. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று 1948-ல் 'ஏர் இந்தியா இன்டர்நேஷனல்' பிறந்தது. அதன் முதல் விமானம் அவ்வாண்டு ஜூன் 8-ம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. ஆகவே, 'இன்டர்நேஷனல்' என்று அச்சிட்ட சீட்டை 1946-ம் வருஷத்தது என்று ஒருவர் விற்க வந்தால், புன்னகையுடன் விடை கொடுத்து அனுப்பலாம்.

புகைப்படமாயின் விமானத்தின் உடலிலுள்ள எழுத்துக்களைக் கவனிக்க வேண்டும். இந்திய விமானங்கள் ஆதியில் 'ஜி-ஐ' என்ற அடையாளம் தாங்கின. 1929 முதல் 'வி.டி.' வந்தது. இதனை 'வைஸ்ராயின் பிரதேசம்' என்பதன் சுருக்கம் என்று பலர் மனம் வருந்துவர். அது வெறும் கர்ணபரம்பரை. சர்வதேச உடன்படிக்கையில் தேசங்களுக்குப் பங்கிட்ட எழுத்துக்களே அவை, ஆஸ்திரேலியாவுக்கு 'வி.எச்.' கிடைத்தது போல நமக்கு இது கிடைத்தது.

கடித உறைகளில் முத்திரையே சாட்சி. 1911 பிப்ரவரி 18-ம் தேதி அலகாபாத்திலிருந்து நைனிக்குப் பறந்த தபாலுக்கு விமான உருவம் பொறித்த தனி முத்திரை இடப்பட்டது. 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். ஓர் உறை அந்தப் பயணத்தில் வந்ததா என்பதைத் தேதியும் ஊர்களின் முத்திரைகளுமே சொல்லும். ஸ்டாம்பை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டும் சிறுவர், சாட்சியின் நாவை அறுத்தவராவர்!

இனி, உலோகத் துண்டுகள். திருத்தணிகைக்குத் தெற்கே அரக்கோணத்தில் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஒரு விமானத்தளம் அமைந்தது. 1992 முதல் அது கடற்படையின் 'ராஜாளி' தளமாக விளங்குகிறது. இத்தகைய தளங்களின் அருகே பழைய தகடு ஒன்று கிடைத்தால், கிடைத்த இடமே பிறந்த இடம் என்று முடிவு செய்யலாகாது. யுத்த காலத்தில் பெங்களூர்த் தொழிற்சாலை அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்தது. ஆதலால், செய்த தேசம் ஒன்று, செப்பனிட்ட ஊர் ஒன்று, விழுந்த இடம் வேறொன்றாக இருக்கலாம். 1940-ல் தோன்றிய அத்தொழிற்சாலை 1964-ல்தான் 'ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்' என்ற பெயர் பெற்றது. அதற்கு முன் அது 'ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட்'. தகட்டில் எப்பெயர் உள்ளதென்று பார்த்தால் காலம் விளங்கும்.

தகட்டைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். எழுத்துத் தேய்ந்தால் சரித்திரமும் தேயும். யார் கொடுத்தது, எங்கே கிடைத்தது என்பதைத் தனிக் காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நலம்; அவர்களுடைய நினைவுக்கு நகல் கிடையாது.