கூட்டத்தில் ஒரு கோழி: நடையைக் கணக்கெடுக்கும் சென்சார்

ஒரு கறிக்கோழிக் கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒன்றாக வளர்கின்றன. எவ்வளவு தீவனம் தீர்ந்தது, சராசரி எடை என்ன, எத்தனை செத்தன என்பதெல்லாம் பண்ணையாளருக்குத் தெரியும். எந்தக் கோழி நேற்றிலிருந்து நடமாட்டம் குறைந்து கிடக்கிறது என்பது தெரியாது. அதை அறியத்தான் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் கோழிகளுக்குச் சென்சார் பொருத்திப் பார்த்தார்கள்.

காலில்தான் சிக்கல்

சுமார் 40 கிராம் எடையோடு பொரிக்கும் குஞ்சு, ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. சதை ஏறும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காவிட்டால் கோழி நொண்டும். பெரும்பாலும் உட்கார்ந்தே கிடக்கும். கால் நன்றாக இருக்கும் கோழிகளை இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தால், அடுத்தடுத்த தலைமுறைகளில் இந்தத் துன்பம் குறையும்.

இப்போது கோழியை நடக்கவிட்டு, கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பிரிட்டனில் 1992இல் வெளியான முறைப்படி, இயல்பாக நடந்தால் 0. நடக்கவே முடியாவிட்டால் 5. இதற்கு நேரமும் ஆளும் நிறைய வேண்டும். ஆளுக்கு ஆள் மதிப்பெண்ணும் மாறும்.

இரண்டு வழிகள்

இதற்குப் பதிலாக, கோழியின் நடமாட்டத்தைச் சென்சாரால் அளக்க ஆய்வாளர்கள் பார்த்த வழிகளில் முதலாவது, அல்ட்ரா வைட்பேண்ட். கோழியின் முதுகில் கட்டிய கருவி ரேடியோ அலைகளை அனுப்பும். சுற்றிலும் உள்ள ரிசீவர்கள் கோழி இருக்கும் இடத்தைக் கணித்து, அது நடந்த தூரத்தைச் சொல்லும். ஆனால் பேட்டரி உள்ள கருவியைச் சின்னக் குஞ்சு சுமக்க முடியாது.

இரண்டாவது, ஆர்.எஃப்.ஐ.டி. டோல்கேட்டில் உதவும் ஃபாஸ்டேக் போலவே இதற்கும் பேட்டரி தேவையில்லை. குஞ்சின் காலில் சிறிய டேக். தரைக்கடியில் வரிசையாக ஆன்டெனாக்கள். கோழி ஓர் ஆன்டெனாவிலிருந்து அடுத்ததற்கு நகரும்போதெல்லாம் பதிவாகும். வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு முறைகளுமே ஓரளவு நன்றாக ஒத்துப்போயின.

கேமரா மட்டும் போதாதா? எல்லாமே வெள்ளைக் கோழிகள். இரண்டு நெருங்கி உரசிப் பிரிந்தால், எது எது என்று கணினி குழம்பிவிடும்.

எண் மட்டும் போதாது

ஒரே ஆன்டெனாவின் மேல் நின்று கூளத்தைக் கிளறும் கோழியும் ஆர்.எஃப்.ஐ.டி. பதிவில் அசையாத கோழியாகவே தெரியும். எடை கூடக் கூட எல்லாக் கறிக்கோழிகளுக்கும் நடமாட்டம் குறையும் என்பதால், குறைந்ததெல்லாம் நோயும் அல்ல. அதே வயதுக் கூட்டாளிகளைவிட ஒரு கோழி எவ்வளவு பின்தங்குகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இத்தனை நுட்பமும் ஒரு கோழியின் வலியை முன்கூட்டியே அறியத்தான். அறிந்த பிறகும் எடையை மட்டுமே பார்த்து இனம் தேர்ந்தெடுத்தால் சென்சாரால் பயனில்லை. கோழி இனங்களை உருவாக்கும் நிறுவனங்கள் எடைக்குத் தரும் அதே முக்கியத்துவத்தைக் காலுக்கும் தர வேண்டும்.