ஆங்கிலத் தேர்வுக்குத் தமிழ் இலக்கணம்

எஸ்.பி.எம். நெருங்கும்போது ஐந்தாம் படிவ மாணவர்கள் பலர் ஆங்கில இலக்கணத்தையும் இலக்கியக் கலைச்சொற்களையும் ஏதோ புதிய பட்டியல் என்று எண்ணி மனனம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். வார இறுதியில் பாடம் சொல்லித்தரும் நான் இதைத்தான் அடிக்கடி காண்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து வந்தவர்களுக்கு இவற்றுள் பாதி முன்பே தெரியும். தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலம் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்களாக நடைபெறுகிறது. வாசிப்புத் தாளின் 40 கேள்விகளில் 10 கேள்விகள், பத்தியில் விடுபட்ட இடத்திற்குப் பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்யச் சொல்பவை. இங்கே இலக்கணம் கைகொடுக்க வேண்டும். ஆங்கில இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுப்போருக்கு அணிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அணிகளைப் பார்ப்போம். 'சிமிலி' என்பது உவமை. 'மெட்டஃபர்' என்பது உருவகம். 'ஹைப்பர்பலி' என்பது உயர்வு நவிற்சி. 'போல' என்னும் உருபுக்கு ஈடாக ஆங்கிலத்தில் 'லைக்', 'ஏஸ்' ஆகிய சொற்கள் வரும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 'கயல்விழி' என்பதில் உருபு மறைந்திருந்தாலும் தமிழில் அது உவமைத்தொகைதான். ஆங்கிலத்தில் உவமைச் சொல் வெளிப்படையாக இல்லாவிட்டால் அதைச் 'சிமிலி' என்று எழுதக்கூடாது.

'பெர்சானிஃபிகேஷன்' என்பதைத் தற்குறிப்பேற்றம் என்று பலர் சொல்வர். இரண்டும் நெருங்கியவை, ஒன்றல்ல. மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை வரவேண்டாம் என்று தடுப்பதுபோல் அசைந்த சிலப்பதிகாரக் காட்சியை நினைவுகூருங்கள். கொடிக்கு மனிதச் செயலைத் தருவது ஆங்கில அணி. காற்றில் இயல்பாக நிகழும் அசைவுக்குப் புலவர் தம் குறிப்பை ஏற்றிக் காரணம் கூறுவது நம் அணி.

அதுபோலவே, 'ரைம்' என்பதை எதுகை என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. எதுகை இரண்டாம் எழுத்தைப் பார்ப்பது. அடியின் இறுதியில் ஒலி ஒன்றிவரும் இயைபுதான் 'ரைம்' என்பதற்கு நெருக்கமானது. 'அலிட்டரேஷன்' மோனையை ஒத்தது. ஆயினும் அங்கே கணக்கு எழுத்துக்கு அல்ல, ஒலிக்கு. பூனையைக் குறிக்கும் 'கேட்', நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி' இரண்டும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கினாலும் மோனை ஆகா. 'ஃபோன்', 'ஃபிஷ்' இரண்டும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கினாலும் மோனை ஆகும். ஐயம் வந்தால் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். விடை கண்ணுக்குத் தெரியும்.

இதே உத்தி இலக்கணத்திலும் பயன்படும். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', உயிர்மெய்க்கு முன் 'ஒரு' என்று படித்திருக்கிறோம். ஆங்கிலத்தின் 'அன்', 'அ' இரண்டும் ஏறத்தாழ இவ்விதிப்படியே வருகின்றன. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்னும் சொல்லுக்கு முன் 'அன்' வருவதும், 'யுனிவர்சிட்டி' என்பதற்கு முன் 'அ' வருவதும் மாணவர்களைக் குழப்பும். தமிழில் எழுதினால் முன்னது 'அ' என்னும் உயிரிலும் பின்னது 'யு' என்னும் உயிர்மெய்யிலும் தொடங்குவது புலப்படும். ஆனால் 'த' என்னும் சுட்டுக்குத் தமிழில் நேர் இணை இல்லை. அதைத் தனியேதான் பயில வேண்டும்.

எழுவாய்க்கேற்ப வினைமுற்று மாறுவதும் நமக்குப் புதிதன்று. 'அவன் ஓடுகிறாள்' என்று எந்த மாணவரும் எழுதுவதில்லை. அவர்களே ஆங்கிலத்தில் ஒருமைப் படர்க்கை நிகழ்கால வினையின் இறுதியில் வரவேண்டிய 'எஸ்' எழுத்தை விட்டுவிடுகின்றனர். மலாயில் 'டியா மாக்கான்' என்றாலும் 'மெரேகா மாக்கான்' என்றாலும் வினை மாறுவதில்லை; அந்தப் பழக்கமும் இதற்குத் துணைபோகிறது என்பது என் எண்ணம். அந்த 'எஸ்' ஒரு விகுதி என்று சொன்னால் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கின்றனர்.

வேற்றுமை உருபில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'வீட்டில்', 'சுவரில்', 'நிறுத்தத்தில்' என்று நாம் ஒரே 'இல்' உருபால் சொல்வதை ஆங்கிலம் 'இன்', 'ஆன்', 'அட்' என மூன்றாகப் பிரிக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்று வருந்தும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்திற்கு நேரம் வேண்டுமென்று எஸ்.பி.எம்.மில் தமிழை விட்டுவிடும் மாணவர்களும் உண்டு. கையிலிருக்கும் சாவியை எறிந்துவிட்டுப் பூட்டைத் திறக்க முயல்வது போன்றது இது. ஆகவே, தம்பி தங்கையருக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பல்கலைக்கழக நண்பர்கள் ஒரு தாளில் இரு பத்திகள் வரைந்து, தமிழ்க் கலைச்சொல்லை ஒருபுறமும் ஆங்கிலச் சொல்லை மறுபுறமும் எழுதித் தரலாம். பொருந்தாத இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மாணவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியவை அந்த வட்டங்கள் மட்டுமே.