பாத்தியில் கிடைத்த பழைய வெள்ளி

வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி கொத்தும்போது மண்வெட்டி ‘ணங்’கென்று ஒரு தகர டின்னில் படுகிறது. உள்ளே கறுத்துப் போன பழைய காசுகள். என்ன செய்வது? தானா ராத்தா தோட்டத்து அன்பர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாம் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்கிறோமே, அது சும்மா வந்த பேரல்ல. நீரிணைக் குடியேற்றத்துக்காக 1903-ல் அடித்த டாலர் அசல் வெள்ளிக் காசு. எடை 26.95 கிராம். வெள்ளி விலை ஏறி, காசை உருக்கி விற்றால் லாபம் என்றாகவே, 1907-ல் 20.21 கிராமாக்கினார்கள். 1919-ல் வந்ததோ 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி! ஆகவே எல்லாம் ஒரே விலையென்று பழைய சாமான்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மண்ணில் ஏன் புதைத்தார்கள்? ஜப்பான்காரன் காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. 1941 டிசம்பரில் வந்தவன் வாழைமரம் போட்ட நோட்டை அடித்துத் தள்ளினான். 1945 செப்டம்பரில் அது வெறுங்காகிதம். வெள்ளியைப் புதைத்தவர் கையில்தான் ஏதோ மிஞ்சியது. ஆனால் புதைத்தவரையே சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோய், அவர் திரும்பாமலே போயிருந்தால்? எத்தனையோ தோட்டத்துத் தமிழர்கள் அங்கேதான் மாண்டார்கள். இடம் காட்ட ஆளேது?

இப்படி உரிமையாளர் யாரென்று தெரியாமல் மண்ணில் கிடைக்கும் காசு, 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி புதையல். மாவட்ட அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அலுவலகம் தானா ராத்தாவிலேயே இருக்கிறது. மறைத்தால் வம்புதான். உங்கள் தாத்தா புதைத்தது என்றால், வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை அங்கேயே சொல்லுங்கள்; அந்த டின்னையும் தூக்கி எறியாதீர்கள்.

தாய்நாட்டில் 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் நிலத்தைத் தோண்டியவர்களுக்குப் பித்தளைச் செம்பில் 505 பொற்காசுகள் கிடைத்தன. ஒதுக்கிக்கொள்ள மனம் சபலப்படும் எடைதான், 1.716 கிலோ! அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தது.

தாய்மார்களுக்கு ஒன்று. காசு கறுப்பாயிருக்கிறதே என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். வெள்ளி கறுப்பது இயல்பு. தேய்த்தால் ராஜா முகமும் எழுத்தும் மழுங்கும், சேகரிப்பவர் தரும் விலையும் இறங்கும்.